வெள்ளை வந்தால் சம்மதம்

13 ஜூலை 2006, வியாழன்

இன்றும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கண் சொருகியதும் தண்ணீர் வந்துவிட்டது. தினமும் இதே கனவுதான். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்ததிலிருந்து கனவில் ஊரே தண்ணீராக இருக்கிறது. ரெட்டியார்பாளையம் மெயின்ரோட்டில் கணுக்கால் அளவுக்குத் தெளிந்த நீர். பஸ்கள் சத்தமில்லாமல் மிதந்து போகின்றன. நான் குனிந்து குடிக்கிறேன், யாரும் அளக்கவில்லை.

விழித்தபோது என் தங்கை சங்கவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி சரிதாவுக்குச் சர்க்கரை, அவளுடைய சிறுநீரகம் ஆகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். சங்கவியுடையது எல்லாப் பரிசோதனையிலும் பொருந்திவிட்டது.

"நாளைக்கு எங்க தெரு மாரியம்மன்கிட்ட பூ கேக்கப் போறேன்ணா. வெள்ள வந்தா குடுத்துடறேன்," என்றாள்.

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்துக் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார் பூசாரி. வெள்ளை என்றால் உத்தரவு. சிவப்பு என்றால் கூடாது. கருவடிக்குப்பத்தில் அவள் தெருவில் பெண் எடுப்பதிலிருந்து வீடு கட்டுவது வரைக்கும் இப்படித்தான். நான் முப்பது வருஷமாக மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறேன், தொழிற்சங்கத்திலும் இருக்கிறேன். ஆயுத பூஜைக்கு என் மெஷினுக்கு ஒரு பொட்டு வைக்க விட்டதில்லை. (பொரி மட்டும் வாங்கித் தின்பேன்.) என் உயிர் இப்போது ஒரு வாழையிலைப் பொட்டலத்துக்குள் இருக்கிறதாம். சிரிப்புதான் வருகிறது.

பொய். சிரிப்பு வரவில்லை.

14 ஜூலை

வெள்ளை வந்ததாம். போனில் சொன்னாள். காலையிலிருந்து சாப்பிடாமல் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன் என்பதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். மானங்கெட்ட நாத்திகன்.

2 ஆகஸ்ட், புதன்

சங்கவியின் கணவர் ஆனந்தராஜ் தனியாக வந்தார். சரிதா காபி போட உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், தப்பா நெனச்சிக்காதீங்க. அன்னிக்கி வந்தது செவப்பு. நான் கூடவே நின்னேன். உங்ககிட்ட வெள்ளன்னு சொல்லிட்டா. இப்ப சரியா தூங்கறதில்ல. எனக்கு எதனா ஆயிட்டா புள்ளைங்கள பாத்துக்கோன்றா. நீங்களே வேணாம்னு சொல்லிடுங்க."

என்ன பதில் சொன்னேன்? நினைவில்லை. காபி ஆறிப்போனது நினைவிருக்கிறது.

பத்து வயதில் அம்மை போட்டுப் பிழைத்தவள் அவள். மாரியம்மன் என்றால் அவளுக்குக் கதை இல்லை, பக்கத்து வீட்டு ஆள். அந்தச் சிவப்பைத் தெரிந்தே மீறுகிறாள். எனக்காக. எனக்கு இழப்பதற்குச் சாமி எதுவும் இல்லை, அவளுக்கு இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் தருகிறாளா? அதை நான் எப்படி வாங்குவது? "வெறும் பூம்மா அது" என்று சொல்லலாம். வெறும் பூவுக்குத்தானே நான் பட்டினி கிடந்தேன்?

4 ஆகஸ்ட், ஆடி வெள்ளி

சங்கவி வீட்டுக்குப் போய், "நானும் ஒருவாட்டி கேக்கறேன்" என்றேன். என்னையே பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

அவள் வீட்டு வாசலில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் நிற்கின்றன. நானே பறித்து நானே கட்டினேன். இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டை.

கோயில் வாசலில் அவள் நின்றுவிட்டாள். "நீ போ, நான் செருப்பப் பாத்துக்கறேன்."

"வாங்க தோழர், வழி தெரிஞ்சிதா?" என்றார் பூசாரி சின்னக்கண்ணு. பல் தெரியச் சிரித்தார். உள்ளே கற்பூரப் புகை, வேப்பிலை வாசனை, கூழ் அண்டாவின் புளித்த மணம். தலை சுற்றியது. பம்பை அடிக்கிறவர்கள் எங்கோ தூரத்தில், தண்ணீருக்கு அடியில் அடிக்கிறார்கள் என்று தோன்றியது. அந்த மயக்கத்தில் எனக்கும் அம்மனுடைய முகம் ஒரு பெண்ணின் முகமாகத்தான் தெரிந்தது. சின்னக்கண்ணு ஒன்றை எடுத்துப் பிரித்தார். மற்றதை நான் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெளியே வந்து "வெள்ள" என்றேன். சங்கவி தலையாட்டினாள்.

பொய் சொல்லாதே என்று எந்தச் சாமியும் எனக்குச் சொன்னதில்லை. நானாகத்தான் சொல்லாமல் இருந்தேன். என்னிடம் இருந்த கர்வம் அது ஒன்றுதான். இன்று சொன்னது அவள் மனசுக்காகவா, அவள் கிட்னிக்காகவா?

6 ஆகஸ்ட்

இரண்டாவதற்காகத்தான் என்று தோன்றுகிறது.

20 ஆகஸ்ட், ஞாயிறு

நாளை காலை ஆப்பரேஷன். சாயங்காலம் அவள் வார்டுக்குப் போனேன். பச்சை கவுனில் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சொன்னேன். ஆனந்தராஜ் வந்தது, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை வைத்தது, எல்லாம். "இப்ப வேணாம்னு சொல்லிடு. எழுந்து வீட்டுக்குப் போ. நான் டயாலிசிஸ் மெஷின்லயே காலத்த ஓட்டிக்கறேன்."

"தெரியும்," என்றாள். "அரளிப் பக்கம் நீ போவவே இல்லியே. ஜன்னல்லேர்ந்து பாத்துனுதான் இருந்தேன்."

"அப்புறம் ஏன்?"

"நீ இன்னாணா, பூவப் பாத்து ஒத்துக்கினேன்னு நெனச்சிட்டியா? மொத வாட்டி செவப்பு வந்தப்பவே அம்மன்கிட்டயே சொல்லிட்டேன். இது எனக்கும் எங்கண்ணனுக்கும் உள்ளது, இதுல நீ குறுக்க வராதன்னு."

 முப்பது வருஷமாகச் சாமி இல்லை என்கிற கூட்டங்களுக்கெல்லாம் போய்க் கைதட்டியவன் நான். இப்படி ஒருநாளும் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. எதிரில் ஒருவரும் இல்லை என்று நம்புகிறவனுக்குச் சாமியைத் திட்டுவதில் என்ன கஷ்டம். சங்கவி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, போய்த் தூங்கு என்றாள்.

25 ஆகஸ்ட்

சிறுநீர் வருகிறது. எழுதும்போதே அழுகை வருகிறது. மருந்து மயக்கத்தில் பகலும் இரவும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. நர்ஸ் வந்து "நல்லா தண்ணி குடிங்க" என்றது கனவா என்று சரிதாவிடம் இரண்டு தரம் கேட்டேன். நிஜம்தானாம்.

18 அக்டோபர்

சங்கவிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். டாக்டர் சளிக் காய்ச்சல்தான் என்கிறார். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அம்மனின் கோபம் என்று நினைக்கிறாள், எனக்குத் தெரியும். பாவி, நான் மட்டும் பசித்துச் சாப்பிடுகிறேன்.

19 ஜனவரி 2007, தை வெள்ளி

காய்ச்சல் எப்போதோ போய்விட்டது. ஆனால் சங்கவி இன்னும் கோயில் பக்கம் போகவில்லை. கடைக்குப் போனாலும் அடுத்த தெரு வழியாகச் சுற்றித்தான் போகிறாள் என்றார் ஆனந்தராஜ். இன்று காலை அவளே போன் செய்தாள்.

"மூஞ்சிக்கு நேரா பேசிட்டேன்ணா. இப்ப தனியா போயி நிக்க பயமாருக்கு. நீ கூட வரியா?"

ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லை அவளுக்கு. டாக்டர் போடச் சொன்ன மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு போனேன். கூட்டம் குறையட்டும் என்று வேப்பமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு எழுந்தாள். படி ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போனதும், "வந்துட்டேன், அண்ணனையும் கூட்டினு வந்துருக்கேன்" என்று மெல்லச் சொன்னாள். அதற்குமேல் சொல்ல முடியாமல் அழுதாள்.

சின்னக்கண்ணு தீபத்தை எங்கள் பக்கம் நீட்டினார். நான் கும்பிடவில்லை. கையை எடுத்தால் அவள் விழுந்துவிடுவாள், பிடித்துக்கொண்டே நின்றேன்.