ஃபான்டஸ்மகோரியா, நீ சொன்னபடி

மாமு,

ராயபுரத்தில் மாதா கோயில் வாசலில் சீரியல் பல்பு போர்டு ஏற்றுகிறார்கள். சூடான பல்பில் தூசி கருகும் வாசம். நின்றுவிட்டேன். நீ போய் ஒரு வருடம்.

இதே வாசலில் ஒரு மாலை. நம் வியாசர்பாடியிலிருந்து உன்னோடு நானும் வந்திருந்தேன். நீ போர்டுக்குப் பின்னால் குந்தி, மர உருளையில் செப்புத் தகடு அடித்துக்கொண்டிருந்தாய். உருளை சுற்றினால் பல்புகள் மாறி மாறி எரியும். முன்னால் நிற்பவர்களுக்கு மயில் தோகை விரிக்கும்.

"இன்னா மாமு, மூஞ்சி தொங்கிப்போய் கீது?" என்றாய்.

என் முனைவர் பட்ட ஆய்வு ஒரே சொல்லில் முட்டி நின்றிருந்தது. ஃபான்டஸ்மகோரியா. கனவில் போல ஒன்று இன்னொன்றாகிக்கொண்டே போகும் உருவங்கள். இருநூறு வருடங்களுக்கு முன் பாரிஸில் ஒரு வித்தைக்காட்சிக்கு வைத்த பெயர். திரைக்குப் பின்னால் சக்கரம் வைத்த விளக்கு. பின்னுக்கு இழுத்தால் பேய் வளரும். சிலசமயம் புகைமேலேயே படம் விழும். சொல்லின் முன்பாதி கிரேக்கம்: ஆவித்தோற்றம். பின்பாதி எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் உறுதியில்லை.

வாயிலிருந்த ஆணியை எடுத்தாய்.

"இதுக்கா இம்மாம் பேஜாரு? பேரு வெச்சவன் நம்மாளுடா. பேரு கெத்தா கீதா, கூட்டம் வரும். புரிஞ்சுபோச்சின்னா எவன் வருவான்?"

ஸ்விட்சைப் போட்டாய். போர்டைப் பார்க்கவில்லை. சட்டத்தின் இடுக்கு வழியாகத் தெருவில் நின்றவர்களின் முகங்களைப் பார்த்தாய்.

"வாயப் பொளந்துகினு நிக்கிறானுங்க. உருளை கரெக்டு."

வாய் நிறையும் ஒலிக்காகவே அந்தப் பின்பாதியை ஒட்டியிருக்கலாம் என்று ஓர் அகராதியிலும் பிறகு பார்த்தேன். அங்கே அது ஊகம். உனக்குத் தொழில்.

உன் வாக்கியத்தை, உன் பெயரோடு, ஆய்வேட்டில் அடிக்குறிப்பாகச் சேர்த்தேன். நெறியாளர் சிவப்பு மையில் அடித்தார். "இது ஆதாரமா? நல்ல தமிழிலாவது எழுதுங்கள்." மறுபடி சேர்த்தேன். மறுபடி அடித்தார். பட்டமே நின்றுபோகும் என்றார். நீ அப்போது மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாய்.

"வுட்ரு மாமு. என்னால உன் படிப்பு போவணுமா?"

விடவில்லை. கடைசியில் நெறியாளர் அலுத்துப்போய், அடிக்குறிப்போடே ஆய்வேட்டை அனுப்பினார்.

போன மாதம் வாய்மொழித் தேர்வு. வெளியூர்த் தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திறந்து உரக்க வாசித்தார். 'கெத்தா கீதா'வில் தடுமாறினார். நெறியாளர் ஜன்னலைப் பார்த்தார். நான் எழுந்து, உன் வேகத்தில், சொல்லிக் காட்டினேன். தேர்வாளர் சிரித்துவிட்டார். பிறகு கேட்டார்: "இவரை நான் பார்க்க முடியுமா?"

முடியாது என்றேன்.

தேர்வாளர் பேனாவைத் திறந்தார். அடிக்குறிப்பில் கை வைக்க வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பெயருக்கு முன்னால் இப்போது முனைவர் இருக்கிறது. எந்த ஊர் என்று கேட்டால் முன்பெல்லாம் சென்னை என்பேன். இப்போது வியாசர்பாடி என்கிறேன். கேட்காதவர்களிடமும்.