வாளி கவிழ்ந்த இடத்துப் புல்

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி ஐயாவுக்கு உங்கள் மனைவி எழுதுவது.

தங்கையைப் பார்க்கக் குளுவாங் பட்டணத்துக்குப் போகிறேன். நாளை மறுநாள் வருவேன். சோறும் மீன் குழம்பும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன்.

காலையில் தோட்டத்துத் துரை வந்தார். நம் வாசல் புல்லைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு, “என் பங்களாவிலகூட இவ்ளோ பச்சை இல்ல. என்ன உரம் போட்டீங்க, அம்மா?” என்றார். சிங்கப்பூரிலிருந்து நீங்கள் வரவழைத்த டின் உரத்தால் மறுபாதி கருகிக் கிடந்ததையும் பார்த்தார்.

“தினம் விடிஞ்சதும் வாசலுக்குத் தெளிக்கிற சாணித் தண்ணிதான், தொரை” என்றேன். வாசலில் சாணியைத் துரை பார்த்தால் மானம் போய்விடும் என்று ஒரு மாதமாகக் கத்தினீர்களே, பார்த்துவிட்டார்!

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவருடைய தோட்டக்காரர் ஐயாசாமி வருவார். நம் மாட்டுச் சாணி ஒரு வாளி கொடுங்கள். எப்படிக் கரைப்பது என்று உங்கள் வாயாலேயே சொல்லிக்கொடுங்கள்.

நாளை விடிந்ததும் வாசலுக்கு நீங்கள்தான் தெளிக்க வேண்டும்.

மீனாம்பாள்

சொல்ல மறந்தேன்: போன மாதம் கோபத்தில் என் வாளியை எட்டி உதைத்தீர்களே, அது கவிழ்ந்த இடத்தில்தான் புல் ரொம்ப அடர்த்தி. அதற்காக மறுபடியும் உதைக்க வேண்டாம். கையால் அள்ளித் தெளியுங்கள்.