நான் துடைத்தெடுத்த பளிங்குக் கோடுகள்

மைனி, பக்கத்து வீட்டுக் கதவுக்குக் காலையிலிருந்து வார்னீஷ் அடிக்கிறார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது. என் எழுத்து எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புருஷன் இறந்தபின் அண்ணனையும் உங்களையும் நம்பி இரண்டு பிள்ளைகளோடு திருவனந்தபுரத்துக்கு வந்து நின்ற எனக்கு, நீங்கள் துடைத்துப் பெருக்கும் வேதக்கோயிலிலேயே வேலை வாங்கித் தந்தீர்கள். பீடத்தின் இரு பக்கமும் வெள்ளைத் தூண்கள். அவற்றில் ஓடிய கறுப்புக் கோடுகளை அழுக்கு என்று நினைத்து, திருநாளுக்கு மூன்று நாள் முன்பு சாம்பலும் நாரும் போட்டுத் தேய்த்தேன். கோடெல்லாம் நாரோடு வந்துவிட்டது.

நீங்கள் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தீர்கள். பிறகு சிரித்தீர்கள். “ஏட்டி, அது பளிங்குக்கல்லு மாதிரி காட்ட வரைஞ்ச கோடு! உள்ளே வெறும் மரம். கல்லுன்னா குளிருமே, கன்னத்தை வச்சுப் பாரு.”

வைத்துப் பார்த்தேன். குளிரவில்லை. அந்தப் பயத்திலும் எனக்கு அது அதிசயமாக இருந்தது.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கப்பியார் வந்து, “இது ஆரு செய்தது?” என்று கத்தினார்.

“நாந்தான். கண்ணு சரியாத் தெரியல்ல” என்றீர்கள். அன்றே உங்களை முற்றம் பெருக்க அனுப்பிவிட்டார். நான் வாயே திறக்கவில்லை. வேலை போனால் பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லை.

மறுநாள் கோடுகளை மறுபடி வரைய வந்த சாயக்காரர் கோழி இறகைக் கறுப்பில் தொட்டு இழுக்க, மரத்தில் கல்லின் நரம்பு ஓடியது. அழியாமலிருக்க மேலே வார்னீஷும் அடித்தார். சாயங்காலம் முற்றத்தில் சொன்னபோது, “இறகோட நுனியாலயா, பக்கத்தாலயா?” என்று கேட்டீர்கள். அன்றுமுதல் தினமும் கேள்விதான். ஞாயிறு பூசையில் நமக்குத் தெரிவது முன்னால் நிற்பவர்களின் முக்காடுதானே. பீடத்தின் பின்பக்கமும் பொன் பூசியிருக்கிறதா என்றீர்கள். போய்ப் பார்த்தேன்: வெறும் பலகை, ஆசாரி கரியால் போட்ட அளவுக்கோடுகூட அழியவில்லை. காலையில் நீலக் கண்ணாடி வெளிச்சம் சூசையப்பரின் காலில் விழுகிறது என்றேன். “அவருக்கு மட்டும் நீலச் செருப்பா!” என்றீர்கள்.

உங்களை அடக்கம் செய்த மறுவாரம் கப்பியாரிடம் உண்மையைச் சொன்னேன். “இனி சொல்லி எந்து பிரயோஜனம்?” என்றார். முற்றத்து வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் நாள், நீங்கள் நிற்கும் இடத்தில் நின்று திறந்த கதவு வழியே பார்த்தேன். வெயிலில் நின்று பார்த்தால் உள்ளே முழுக்க இருட்டு, மைனி. தூண்கூடத் தெரியவில்லை. நான் வந்து சொன்னதுதான் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அலுப்பில், “இன்னைக்கு ஒண்ணுமில்லை மைனி” என்று சொல்லிவிட்டு நடந்த நாட்கள் எத்தனை!