சரோஜா, அந்தக் கொடுவாவில் சினை இல்லை

என் அருமை நாத்தனார் சரோஜாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. உன் பேத்தி மலர் பட்டம் வாங்கியும் போதாமல் மீனைப் பற்றி இன்னும் மேலே படிக்கிறாள். எது எப்போது முட்டை போடும், எதைப் பிடிக்கலாம், எதை விட்டுவைக்கணும், குட்டையில் எப்படி வளர்ப்பது, எல்லாம் அதில் வருமாம். இரண்டாவதோடு நின்றவள் நான்; எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

போன ஞாயிறு மகாபலிபுரம் கரையில் முழங்கை நீளத்தில் நாலு கொடுவா வாங்கினேன். மலர் அரிய உட்கார்ந்தாள்.

"சினைய பத்திரமா எடுத்து வைடி."

"இதுல ஏது ஆயா சினை? கொடுவா சின்னதுல ஆம்பளையாத்தான் இருக்கும். நல்லா பெருத்தப்புறம்தான் பொம்பளையா மாறும்."

"இன்னாடி, படிச்ச கொழுப்பா? யாருகிட்ட கதை வுடுற?"

"நீயே வந்து பாரு."

நாலையும் கிழித்துக் காட்டினாள். நாலிலும் ஆண் மீனுக்கு இருக்கும் வெள்ளைப் பட்டைதான். ஒரு முட்டை இல்லை.

நான் தலைச்சன் சுமந்தபோது நீ கழுவிக் கொடுத்ததும் இதே அளவு கொடுவாதானே? சினைக்கு நாக்கு ஏங்கிக் கிடந்தேன். "சினை இல்ல அண்ணி" என்றாய். திருக்கழுக்குன்றம் பக்கம் எங்கள் ஏரியில் கெண்டை உள்ளங்கை அளவிலேயே சினை தள்ளும். அதைத் தின்று வளர்ந்தவள் நம்புவேனா?

கரையில் மீன் ஏலத்துக்குக் கூடியிருந்த பொம்பளைகள் முன்னால் கத்தினேன். "புள்ளத்தாச்சிக்கு வெச்சதைத் திருடித் தின்னுட்டியேடி!"

"ஆமா, தின்னேன். செரிச்சும் போச்சு, போ" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாய்.

சாகும்வரை உனக்குச் 'சினைதிருடி' என்றே பெயர். உன் வீட்டில் நான் பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை. என் வளைகாப்புக்கு நீ வராததை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அதற்கும் நான்தான் காரணமோ?

மலருக்கு இந்தக் கதை தெரியாது. "பெருசையெல்லாம் புடிச்சிட்டா அப்புறம் முட்டை போட எது இருக்கும் ஆயா?" என்று கேட்டுக்கொண்டே குழம்பு வைத்தாள். இதையே வருகிற வெள்ளிக்கிழமை கரையில் ஊராருக்குச் சொல்லப்போகிறாளாம்.

அவள் பேசி முடித்ததும் நான் எழுந்திருப்பேன், சரோஜா. நீ திருடவில்லை, நான்தான் தெரியாமல் பழி போட்டேன் என்று உன் பேத்தி எதிரிலேயே சொல்வேன். அன்று கேட்டவர்களில் மூன்று பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஒருத்திக்குக் காது மந்தம். அவளுக்கு இரண்டு தரம் சொல்வேன்.

உன் வாயைப் போலவே வாய் உள்ள,
உன் அண்ணி
காமாட்சி