தூணிடம் கேட்ட சேதி

1968, ஆவணி 4.

பேச்சுப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளிடம், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்று தினமும் சொல்லிக்கொடுக்கிறேன். இன்று அதுவே வினையாகிவிட்டது.

மாமியார் மருமகனிடம் நேரில் பேச மாட்டார். இந்த வீட்டு வழக்கம் அது. எப்போதும் நடுவில் நின்று சொல்பவள் என் மனைவி மீனாள். அவளே பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தவன், அங்கிருந்து திரும்பிய மாமியாரை மறித்து, முகத்துக்கு நேராக, "மீனா எப்படி இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மீனாளுக்கு என்னவோ ஏதோ என்று கதவு வரை ஓடினேன்.

பிறகுதான் உறைத்தது. முற்றத்துத் தூணைப் பார்த்து, "மீனா எப்படி இருக்கான்னு தெரியலையே" என்றேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "பொண்ணு பொறந்திருக்கு, ரெண்டு பேரும் சொகமா இருக்காகன்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லு."

தூணைக் கட்டிக்கொண்டேன்.