துணி உதறும் கை

14.8.2009, வெள்ளி. சிதம்பரம்.

தூக்கம் வரவில்லை. வரவும் வேண்டாம்.

என்னைக் கட்டிய மச்சான் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது ஒரு தூண்டில் கொண்டுவந்தார். நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, நுனியிலிருக்கும் இறகுப் பூச்சியை நினைத்த இடத்தில் இறக்க வேண்டுமாம். ஒரு வாரமாக மொட்டை மாடியில் பழகுகிறார். முள்ளுக்குப் பதில் கம்பளித் துணுக்கு, மீனுக்குப் பதில் என் சோற்றுத் தட்டு. தட்டைத் தவிர எல்லா இடத்திலும் விழுகிறது. இன்று கொடியில் காய்ந்த என் புடவையில் போய்ச் சிக்கியது.

சிக்கை எடுத்துவிட்டு, "ஒரு தடவ குடுங்க மச்சான்" என்றேன். வீசினேன். தட்டுக்குள் விழுந்தது. தட்டைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளி வைத்தார். அங்கேயும் விழுந்தது. அவர் தம்பி சிரித்துவிட்டான். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"துணி ஒதர்ற மாதிரில்ல வீசுற!"

ஆமாம், அப்படித்தான் வீசினேன். வீசிய வேகத்தில் கையைச் சட்டென்று நிறுத்தினால்தான் ஈரத் துணி விரியும். இந்த நூலும் அப்படித்தான் விரிகிறது. தினமும் வாளி வாளியாக உதறுகிற கை இது.

நாளை மச்சானும் அவர் தம்பியும் வெள்ளாற்றுக்கு மீன் பிடிக்கப் போகிறார்கள். நானும் வருகிறேன் என்றேன்.

"பொம்பளைக்கு அங்க என்னா வேல? சோத்தக் கட்டிக் குடு, போதும்."

கட்டுகிறேன். மூன்று பேருக்கு.

நூல் சுற்றிய உருளையைக் கழற்றி என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் குறட்டை விடுகிறார். காலையில் தேடட்டும். ஆற்றங்கரையில்தான் கொடுப்பேன்.