வாசிக்காமல் விட்ட பதினெட்டுப் பக்கம்

2025 ஜூலை 9, புதன்

பள்ளிக்கூட ஆபீசில் இன்று முழுக்க டி.சி. எழுதியே கை ஓய்ந்தது. திருக்கோகர்ணம் வந்து செருப்பைக் கழற்றும்போதே போன். அமுதவல்லி. ஹாஸ்டலில் மூன்று வருஷம் ஒரே அறை. இப்போது திருவரங்குளத்தில் இருந்துகொண்டு அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறாள். பிறவியிலிருந்தே கண் தெரியாது. வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

அவள் பள்ளியில் அறிவியல் டீச்சர் நீண்ட விடுப்பாம். பிள்ளைகளுக்கு வானியல் பற்றிப் பேச ஆள் கேட்டதும் இவளே கையைத் தூக்கியிருக்கிறாள்.

"ஒன் கேசட்டு பன்னெண்டும் பத்திரமா வச்சிருக்கேன்டி. டேப்ரெக்கார்டர்தான் செத்துப்போச்சு. கீழராஜ வீதில ஒரு கடையில போன்ல ஏத்தித் தாராங்களாம், ஏத்திக் குடு. பிள்ளைகளுக்கு ஒன் கொரலையே போட்டுக் காட்டப் போறேன்."

சரி என்றேன். பன்னிரண்டாவது கேசட்டும் அதில் இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

எழுதிவிடுகிறேன். இத்தனை டைரியில் ஒரு தடவைகூட எழுதாதது.

1997. வரலாறு படித்த எங்கள் வகுப்பில் வானியல் அறிமுகத்தை விருப்பப் பாடமாக எடுத்தது நாங்கள் இரண்டு பேர்தான். பிரெயிலில் புத்தகம் கிடையாது. நான் வாசிப்பேன், டேப் ஓடும், அவள் சுவரில் சாய்ந்து கேட்பாள். எவ்வளவு நல்ல நாட்கள் அவை! அந்தப் பங்குனியில் வடமேற்கில் வால்நட்சத்திரம் தெரிந்தது. பொழுது சாய்ந்ததும் ஹாஸ்டலே மொட்டை மாடியில் நிற்கும். "எப்படிடி இருக்கு?" என்றாள். அவள் உள்ளங்கையில் தலையை ஒரு புள்ளியாக அழுத்தி, வாலை மணிக்கட்டு வரைக்கும் விரலால் இழுத்தேன். "சூரியன் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் நீளும் என்று முந்தின வாரம்தான் வாசித்திருந்தேன். எனக்கே மறந்துபோனது, அவளுக்கு ஞாபகம் இருந்தது.

கடைசிப் பாடம் பிரபஞ்சத்தின் தோற்றம், வகுப்பில் நடத்தாமலே விட்டது. பதினெட்டுப் பக்கம். அன்றைக்குச் சனிக்கிழமை. மூணேகால் பஸ்ஸில் ரகுநாத், இப்போது என் வீட்டுக்காரர், வருவார் என்று தெரியும். அதுவரை பேசியதே இல்லை, பார்வையோடு சரி. மணி மூணு. "அவ்வளவுதான் அமுதா, புத்தகம் முடிஞ்சிருச்சு" என்று மூடிவிட்டு ஓடினேன்.

திங்கட்கிழமை வாசித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை அவள் எல்லாரிடமும் "செவந்தி முழுப் புத்தகத்தையும் முடிச்சுட்டா" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். என் வாய் திறக்கவில்லை.

பரீட்சையில் அதிலிருந்துதான் பதினைந்து மார்க் கேள்வி. நான் தனியாகப் படித்திருந்தேன், எழுதினேன். அவளிடம் "நானும் எழுதலடி" என்றேன். இரண்டு மார்க்கில் அந்தப் பேப்பர் போயிற்று அவளுக்கு. அந்த வருஷம் பி.எட். சேர முடியவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு வருஷம் பிந்திப் பதிந்தாள். அந்த ஒரு வருஷப் பதிவு மூப்பு போனதில், கூடப் படித்தவர்கள் டீச்சரான பிறகு ஆறு வருஷம் காத்துக் கிடந்தாள்.

அந்தப் பஸ்ஸில்தான் ரகுநாத் என்னிடம் முதன்முதலாகப் பேசினார்.

ஜூலை 13, ஞாயிறு

திருவரங்குளம் போய்க் கேசட்டுகளை வாங்கி வந்தேன். ஒவ்வொன்றிலும் பிரெயில் சீட்டு ஒட்டி, துண்டில் சுற்றி வைத்திருக்கிறாள். பன்னிரண்டாவதைத் தடவிப் பார்த்துவிட்டு அதே பழைய கதை. "புத்தகத்துலயே இல்லாததக் கேட்டுப்புட்டானுக, ஞாபகம் இருக்கா?" வருஷா வருஷம் வகுப்பில் சொல்லுவாளாம். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரிச்சேன்! என்ன ஜென்மம் நான்?

ஜூலை 14, திங்கள்

ரகுநாத்திடம் சொன்னேன். "இதெல்லாம் இப்ப எதுக்குக் கெளறுற? அன்னைக்கு நீ பஸ்ஸுக்கு வரலைன்னா நமக்குக் கல்யாணமே ஆயிருக்காது" என்கிறார். அதைத்தான் கேட்கவே பிடிக்கவில்லை.

ஜூலை 19, சனி

கடைக்காரத் தம்பி திருமுருகன் சரிபார்க்கப் போட்டுக் காட்டினான். என் குரல்தானா அது? இருபத்தோரு வயசு, துள்ளுகிறது. பின்னால் ஹாஸ்டல் அடிபம்பு, காக்கை, "மெதுவாடி" என்று அமுதா. கடையிலேயே கண் கலங்கிவிட்டது. ஒரு மணி நேரம் அந்த அறைக்குள்ளேயே இருந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

பிறகு பன்னிரண்டாவது. "புத்தகம் முடிஞ்சிருச்சு." புத்தகம் மூடுகிற சத்தம். செருப்பு ஓடுகிற சத்தம்.

"முடிஞ்சிருச்சாம்ல அக்கா, ஆஃப் பண்ணிறவா?" என்றான்.

பிள்ளைகள் முன்னால் இதைப் போடுவாள். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

சொல்லிட்டேன். துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. பஸ், பதினெட்டுப் பக்கம், நான் எழுதுன பதினஞ்சு மார்க் — ஒண்ணையும் மறைக்கல. கடைசி வரைக்கும் கை நிக்காம மடிச்சா. அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"யுனிவர்சிட்டிக்குப் போட்ட பெட்டிஷன்கூட நீதானடி எழுதுன?"

ஆமா. அவ சொல்லச் சொல்ல, என் கையெழுத்துல. பாடத்திட்டத்தில் இல்லாத வினா என்று. பதிலே வரல. அதையும்தான் எழுதுனேன்.

"கெளம்பு" என்றாள். வாசல் வரை வரவில்லை. எப்போதும் வருவாள்.

ஜூலை 27, ஞாயிறு

போன் இல்லை. நான் போட்டாலும் எடுக்கவில்லை.

ஜூலை 30, புதன்

பரணில் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கடைசிப் பாடத்தில் என் பென்சில் கோடுகள். யாருக்காகக் கோடு போட்டேன்? எனக்கு மட்டும்தான்.

ஆகஸ்ட் 2, சனி

அமுதா.

"புத்தகம் இருக்கா?" என்றாள் போனில்.

"இருக்கு. அமுதா, நான்—"

"மன்னிப்புக் கின்னிப்பெல்லாம் வேணாம். வியாழக்கெழம நான் பேசணும். நாளைக்கு வந்து வாசி. பிள்ளைகளுக்காகத்தான், ஒனக்காக இல்ல."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

போனில் ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தலை நரைத்திருக்கிறது, சாய்கிற விதம் மட்டும் மாறவில்லை. வாசித்தேன்.

விண்மீன் திரள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே இருக்கின்றன. காலத்தில் பின்னோக்கிப் போனால் எல்லாம் நெருங்கி, அடர்ந்து, தகிக்கிறது. பிரபஞ்சத்தின் வயது ஆயிரத்து ஐந்நூறு கோடி ஆண்டு என்று போட்டிருந்தது. "பழைய கணக்கு. இப்ப ஆயிரத்தி முன்னூத்தி எம்பது கோடி. திருத்தி வாசி" என்றாள்.

முதல் சில லட்சம் ஆண்டுகள் ஒளியால் நேராகப் போகவே முடியவில்லை, எலக்ட்ரான்களில் முட்டி முட்டிச் சிதறியது, கண் இருந்திருந்தாலும் எதுவும் தெரிந்திருக்காது என்று வாசித்தபோது சிரித்தாள். "எனக்குப் பழகுன ஊரு." நானும் சிரிக்கப் போய், அடக்கிக்கொண்டேன். பிறகு வெப்பம் தணிந்து ஒளிக்கு வழி கிடைத்தது, அந்தப் பழைய ஒளி இன்னமும் எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது என்ற பத்தியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

ஐந்து மணி பஸ் போகிற சத்தம் கேட்டது. நான் தலையைத் தூக்கவில்லை.

முடிந்ததும் "அவ்வளவுதான் அமுதா" என்றேன். கையை நீட்டினாள். புத்தகத்தைக் கொடுத்தேன். நான் விரல் வைத்திருந்த பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் இருந்த தாள்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணினாள்.

"இந்த மூணு?"

"சொல்லடைவு. அப்புறம் அட்டை."

"அதையும் வாசி."

அந்தக் காலத்தில் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை அவள். சொல்லடைவை அ-விலிருந்து வாசித்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அமுதா போன் செய்தாள். வியாழக்கிழமை நன்றாகப் பேசினாளாம். அடுத்து விண்மீன்கள் பற்றிப் புதுப் புத்தகம் ஒன்று எனக்குத் தபாலில் அனுப்பும்படி கடையில் சொல்லியிருக்கிறாளாம். சாயங்காலமே வந்தது. ராத்திரி மறுபடியும் அவள் போன்.

"வந்துருச்சா? மொத்தம் எத்தனை பக்கம்னு மொதல்ல சொல்லு, அப்புறம் ஆரம்பி" என்றாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு. சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.